காற்று அடித்தால் வாளிக்காரனுக்கு லாபம்

ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு. "காற்று அடித்தால் வாளிக்காரனுக்கு லாபம்." காற்றுக்கும் வாளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். பலத்த காற்று அடித்தால் தெருப்புழுதி கிளம்பும். புழுதி கண்ணில் விழுந்து பலருக்குப் பார்வை போகும். பார்வை போனவர்கள் பிழைப்புக்காக ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் வாசிக்கப் போவார்கள் (அந்தக் காலத்தில் அங்கே பார்வையற்றவர்களுக்கு இசை ஒரு முக்கியமான தொழில்). ஷாமிசெனுக்குப் பூனைத்தோல் வேண்டும். பூனைகள் குறையும். பூனை குறைந்தால் எலி பெருகும். எலிகள் வீடு வீடாகப் புகுந்து வாளிகளைக் கடித்து ஓட்டை போடும். எல்லோரும் புது வாளி வாங்க ஓடுவார்கள். ஆக, காற்று அடித்தால் வாளிக்காரனுக்கு லாபம்!

எங்கோ நடப்பது எங்கோ போய் முடிகிறது என்று சொல்லவும், எட்டாத காரணங்களை முடிச்சுப் போடுகிறவர்களைக் கிண்டல் செய்யவும் இந்தப் பழமொழியைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இந்தக் கதைக்குள் வேறொரு உண்மையும் ஒளிந்திருக்கிறது. வாளிக்காரனிடம் மறுபடி ஆள் வர வேண்டுமென்றால் ஒரு எலிப் படையே தேவைப்படுகிறது. ஏனென்றால் அவன் செய்த வாளி தானாகக் கெட்டுப் போகாது.

இங்கே சொல்லும் வாளி மர வாளி. ஜப்பானிய மொழியில் அதற்கு "ஓகே" என்று பெயர் (நாம் போனில் சொல்லும் ஓகே அல்ல!). மேலே நிரந்தர மூடி அடித்தால் அது "தாரு", அதாவது பீப்பாய். பீப்பாய் என்ற சொல்லே போர்த்துகீசியர்களின் "பிப்பா"விலிருந்து தமிழுக்கு வந்ததுதான். பலகைகளை வட்டமாக நிறுத்தி வளையம் போட்டுப் பாத்திரம் செய்வது நம் ஊரில் வேரூன்றிய தொழில் அல்ல. மண் குடம், தோல் சால், பனையோலைப் பட்டை, பித்தளை அண்டா என்று நம் வழி வேறாக இருந்தது. அதனால் இந்த வாளி எப்படி நிற்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு மர வாளியில் பதினைந்து இருபது பலகைத் துண்டுகள் இருக்கும். அவை வட்டமாக, ஒன்றோடு ஒன்று தோள் உரசி நிற்கும். அடியில் ஒரு வட்டப் பலகை. வெளியே இரண்டு மூன்று வளையங்கள். அவ்வளவுதான். இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. ஜப்பானியர்கள் பலகைகளுக்கு நடுவே சின்னச் சின்ன மூங்கில் ஆணிகளை வைப்பார்கள். சோற்றை மசித்துச் செய்த பசையும் தடவுவார்கள். ஆனால் இரண்டுமே வேலை நடக்கும்போது பலகைகள் நழுவாமல் இருப்பதற்குத்தான் முக்கியமாக உதவுகின்றன. தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது பசை இல்லை, மரத்தின் குணம்.

மரம் தண்ணீர் குடித்தால் ஊதும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஊதாது. நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறவே மாறாது. அகலவாக்கில்தான் பருக்கும். மழைக்காலத்தில் பழைய வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொள்வது இதனால்தான். வாளிக்குள் தண்ணீர் ஊற்றியதும் ஒவ்வொரு பலகையும் அகலமாக முயற்சி செய்யும். பக்கத்துப் பலகையும் அதையே செய்யும். வெளியே விரிந்து போகலாம் என்றால் வளையம் விடாது. வேறு வழியில்லாமல் ஒன்றையொன்று நெருக்கி இடைவெளியை அடைத்துவிடும். அதாவது வாளிக்குள் இருக்கும் தண்ணீரே வாளியை ஒழுகாமல் பார்த்துக்கொள்கிறது. வெயிலில் காயப் போட்டு மறந்துவிட்டால் பலகை சுருங்கி, வளையம் கழன்று, வாளி ஒரு கட்டு விறகாகிவிடும்.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அங்கே இரும்பைக் காய்ச்சி மாட்டுகிறார்கள். அது ஆறிச் சுருங்கிச் சக்கரத்தை இறுக்குகிறது. இங்கே வளையம் சும்மா இருக்கிறது, மரம் ஊதி இறுகுகிறது.

வீட்டில் கையால் ஒரு வாளி செய்ய நினைப்பவர்களுக்கு முதல் சோதனை மரத்தைத் துண்டு போடுவதிலேயே வரும். நல்ல வாளிக்காரர்கள் பலகையை ரம்பத்தால் அறுப்பதில்லை, கத்தியை வைத்துத் தட்டிப் பிளக்கிறார்கள். ரம்பம் தன் போக்கில் போகும், மர நாரை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட நார் வழியாகத் தண்ணீர் மெல்லக் கசியும். பிளந்தால் நார் எப்படி ஓடுகிறதோ அப்படியே பிளவு போகும். அதனால்தான் முடிச்சில்லாத, நேராக வளர்ந்த மரம் வேண்டும். ஜப்பானில் இதற்கு சுகி என்ற மரம் பேர்போனது. நாரா பக்கத்தில் உள்ள யோஷினோ மலையில் சுகிக் கன்றுகளை மிக நெருக்கமாக நட்டு, மெதுவாக, ஒல்லியாக, நேராக வளர்த்தார்கள். எடோ காலத்தில் அந்தக் காடுகளின் முக்கியமான வியாபாரமே பீப்பாய்ப் பலகைதான்.

பிளந்த துண்டுகளை நன்றாகக் காயவைத்து, வளைந்த கத்தியால் வெளிப்பக்கத்தைக் குவிவாகவும் உள்பக்கத்தைக் குழிவாகவும் சீவ வேண்டும். அடுத்து வருவதுதான் வாளியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் வேலை. பலகையின் இரண்டு விளிம்புகளையும் சாய்வாக இழைக்க வேண்டும். 16 பலகைகள் சம அகலத்தில் இருந்தால் ஒவ்வொரு விளிம்பும் 11.25 டிகிரி சாய வேண்டும். ஒவ்வொரு விளிம்பிலும் அரை டிகிரி மட்டும் பிசகினால் என்ன ஆகும்? 32 விளிம்புகள், மொத்தம் 16 டிகிரி. வட்டம் மூடாது, அல்லது உள்ளே முட்டி வெளியே வாயைப் பிளக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாத தப்பு முப்பத்திரண்டு தடவை கூடி வாளியைக் கெடுத்துவிடுகிறது.

ஆனால் பழைய வாளிக்காரர்கள் டிகிரி கணக்கெல்லாம் போடவில்லை. வட்டத்தின் அளவுக்குத் தகுந்த ஒரு வளைந்த மர அளவுகோலைப் பலகையின் முதுகில் வைத்து, விளிம்பு அதோடு ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். ஒட்டினால் அந்த விளிம்பு வட்டத்தின் மையத்தை நோக்கி இருக்கிறது என்று அர்த்தம். இதில் ஒரு வசதி உண்டு. எல்லாப் பலகையும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒன்று மூன்று விரல், இன்னொன்று நான்கு விரல் என்று கிடைத்ததைப் பயன்படுத்தலாம், விளிம்பு மையத்தைப் பார்த்தால் போதும். மரம் வீணாகாது.

இந்த விளிம்பை இழைக்கும் கருவியும் தலைகீழ்தான். நம் ஆசாரிகள் பலகையைக் கிடத்தி அதன் மேல் இழைப்புளியைத் தள்ளுவார்கள். வாளிக்காரர்கள் நீளமான இழைப்புளியைக் கத்தி மேலே தெரியும்படி மல்லாக்க வைத்து, அதன் மேல் பலகையைத் தள்ளுவார்கள். ஐரோப்பியப் பீப்பாய்க்காரர்களும் இப்படித்தான் செய்தார்கள். ஜப்பானில் இந்த இழைப்புளிக்கு வைத்திருக்கும் பெயர் "ஷோஜிகி". அந்தச் சொல்லுக்கு நேர்மை என்று பொருள்!

பலகைகளை நிறுத்தி வளையம் போட்ட பிறகு, உள்ளே அடிப்பக்கத்தைச் சுற்றி ஒரு காடி எடுத்து அதில் வட்டப் பலகையை உட்கார வைக்க வேண்டும். இங்கே புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவார்கள். அடிப்பலகை இறுக்கமாக இருந்தால்தானே ஒழுகாது என்று நினைத்து அளவுக்கு மீறி இறுக்கிவிடுவார்கள். அடிப்பலகையும் மரம்தான், அதுவும் ஊதும். ஊதிப் பக்கத்துப் பலகைகளை வெளியே தள்ளி, வாளியை அடியிலேயே பிளந்துவிடும். ஜப்பானியர்கள் அடிப்பலகையின் விளிம்பைச் சுத்தியலால் தட்டி நசுக்கி மெலிதாக்கிக் காடிக்குள் நுழைப்பார்கள். தண்ணீர் பட்டதும் நசுங்கிய நார் மறுபடி நிமிர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். இந்த நசுக்கலுக்கு அவர்கள் சொல்லும் பெயர் "மரத்தைக் கொல்வது". கொன்ற மரம் உயிர்த்து எழுந்துதான் தண்ணீரைப் பிடிக்கிறது.

வளையம் மூங்கில் பிளாச்சுகளைப் பின்னிச் செய்தது. வாளி ஒரு முனையில் கொஞ்சம் குறுகலாக இருக்கும். அந்தப் பக்கம் வளையத்தை நுழைத்து, அகலமான பக்கம் நோக்கிக் கட்டையை வைத்துச் சுற்றிச் சுற்றி அடித்தால் இறுகும். இந்த வளையத்துக்கு "தாகா" என்று பெயர். கட்டுப்பாடு இழந்து நடந்துகொள்பவரைப் பார்த்து "தாகா கழன்றுவிட்டது" என்று இன்றும் ஜப்பானியர்கள் சொல்கிறார்கள். வீட்டில் மர வாளியே பார்த்திராதவர்களும் சொல்கிறார்கள்.

இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று சொல்ல முடியாது. எகிப்தில் கி.மு. 2600 வாக்கில் வாழ்ந்த ஹெசி ரா என்ற அதிகாரியின் கல்லறைச் சுவர் ஓவியத்தில், பலகைகளை வளையத்தால் கட்டிய தானிய அளவைப் பாத்திரங்கள் இருக்கின்றன. ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து மக்கள் வளையம் போட்ட மரப் பாத்திரங்களில் திராட்சை மது வைத்திருந்ததை ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிட்டிருக்கிறார். நார்வேயில் கி.பி. 834ல் புதைக்கப்பட்டு 1904ல் தோண்டி எடுக்கப்பட்ட ஓசெபெர்க் கப்பலிலும் அழகான மர வாளிகள் கிடைத்தன.

ஜப்பானுக்கு இது தாமதமாகத்தான் வந்தது. அதற்கு முன்னால் மெல்லிய மரத் தகட்டை வளைத்துத் தைத்த டப்பாக்கள் இருந்தன, மரத்தைக் குடைந்த தொட்டிகள் இருந்தன, பெரிய மண் சாடிகள் இருந்தன. வளையம் போட்ட தொட்டிகளின் மிகப் பழைய தடயங்கள் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவை கிடைத்த இடம் கியூஷுத் தீவின் ஹகாதா துறைமுகம். அங்கே கிணற்று உறையாக, நம் ஊர் உறைகிணறு மாதிரி, அடியில்லாத தொட்டிகளைப் புதைத்திருக்கிறார்கள். ஹகாதாவில்தான் அப்போது சீன வணிகர்கள் வந்து தங்கினார்கள். தொழில் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அங்கிருந்து நாடு முழுவதும் பரவ முன்னூறு நானூறு ஆண்டுகள் ஆயின.

பரவிய பிறகு நடந்ததுதான் பெரிய மாற்றம். மண் சாடியை ஓர் அளவுக்கு மேல் பெரிதாக்க முடியாது. சூளையில் வெடிக்கும், தூக்கினால் உடையும். பலகைத் தொட்டிக்கு அந்தத் தடை இல்லை. பலகையைக் கூட்டிக்கொண்டே போகலாம். நாராவில் ஒரு புத்த மடத்தின் நாட்குறிப்பில் 1582ல் பத்து கொக்கு கொள்ளும் மதுத் தொட்டி பற்றிய குறிப்பு வருகிறது. ஒரு கொக்கு என்பது சுமார் 180 லிட்டர். அதாவது 1,800 லிட்டர்! சாடிகளில் இதெல்லாம் நினைத்துப் பார்க்கவே முடியாது. பின்னால் 30 கொக்குத் தொட்டிகள், ஆள் உயரத்தைத் தாண்டியவை, சாதாரணமாகிவிட்டன. வீட்டுக் கொல்லையில் நடந்த மது, சோயா சாஸ், மிசோ தயாரிப்பு எல்லாம் பெரிய தொழிலானதற்கு இந்தத் தொட்டி ஒரு முக்கியக் காரணம். சரித்திரப் புத்தகங்களில் போர்களுக்கும் ஷோகுன்களுக்கும் கிடைக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைப்பதில்லை.

எடோ காலத்தில் (1603-1868) வாளி இல்லாத இடமே இல்லை. கிணற்றில் இறைக்க வாளி. சோறு வைக்க மூடி போட்ட வாளி, அதன் மரம் சோற்றின் அதிக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். துணி துவைக்கத் தொட்டி, குளிக்கத் தொட்டி, ஊறுகாய்க்குத் தொட்டி. தெருமுனைகளில் தீயணைக்கத் தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் கோபுரமாக அடுக்கிய சின்ன வாளிகள். நகரத்து மலத்தை விவசாயிகள் காசு கொடுத்து வாங்கி வாளிகளில் காவடி கட்டி வயலுக்குத் தூக்கிப் போனார்கள். கப்பல் கப்பலாக எடோவுக்கு மது போனது பீப்பாய்களில். பிறந்த குழந்தையை முதலில் குளிப்பாட்டுவது மரத் தொட்டியில். சாதாரண ஜனங்கள் செத்தால் உட்கார்ந்த நிலையில் வைத்துப் புதைப்பதும் வளையம் போட்ட ஒரு வட்டத் தொட்டியில்தான்.

ஹொகுசாய் வரைந்த ஃபுஜி மலைக் காட்சிகள் வரிசையில், 1830களின் தொடக்கத்தில் வந்த ஒரு படம் உண்டு. ஒரு தொழிலாளி அடியில்லாத பிரம்மாண்டமான தொட்டிக்குள் நின்று பலகையைச் சீவிக்கொண்டிருக்கிறார். அந்த வட்டத்தின் வழியே தூரத்தில் ஃபுஜி மலை ஒரு சின்ன முக்கோணமாகத் தெரிகிறது. தொழிலாளி மலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வளையம் தளர்ந்தால் மாற்றிக் கொடுக்க "தாகாயா" என்ற ஆட்கள் மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள், நம் ஊரில் ஈயம் பூசுகிறவர்கள் வந்த மாதிரி. அவர்களை வைத்து ஒரு நகைச்சுவைக் கதையே இருக்கிறது. கூட்டம் நெரியும் பாலத்தில் தாகாயாவின் சுருட்டிய மூங்கில் தெறித்து, ஒரு சாமுராயின் தொப்பியைத் தட்டிவிடும். அங்கே ஆரம்பிக்கும் வம்பு.

இவ்வளவு தேவை இருந்த தொழில் எப்படி அழிந்தது? பிளாஸ்டிக் வந்தது, அழிந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். வீட்டு வாளியைப் பொறுத்தவரை அது சரிதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாஸ்டிக் வாளி வந்ததும், எடை குறைவு, விலை குறைவு, காயப் போட்டாலும் பிளக்காது என்று எல்லோரும் மாறிவிட்டார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. தினமும் கிணற்றடியில் நனைந்த மர வாளியைத் தூக்கியவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

பெரிய தொட்டிகளின் கதை வேறு, அதில்தான் விஷயம் இருக்கிறது. புதுத் தொட்டியை முதலில் வாங்குகிறவர் மது தயாரிப்பாளர். இருபது முப்பது வருடம் கழித்து மது கசிய ஆரம்பித்ததும் தொட்டியைப் பிரித்து, இழைத்து, மறுபடி கட்டி, சோயா சாஸ் அல்லது மிசோ தயாரிப்பாளருக்கு விற்றுவிடுவார்கள். சோயா சாஸ் கலவை கெட்டியானது, உப்பு நிறைந்தது. கசியும் இடத்தில் உப்பு படிந்து அடைத்துவிடும், உப்பில் ஊறிய மரமும் லேசில் மக்காது. அங்கே அது இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஓடும். ஒரே தொட்டி, ஏழெட்டுத் தலைமுறை.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் இந்தச் சங்கிலியில் புதுத் தொட்டிக்குக் காசு கொடுப்பவர் ஒருவர்தான், மது தயாரிப்பாளர். 20ஆம் நூற்றாண்டில் அவர்கள் எனாமல் பூசிய இரும்புத் தொட்டிகளுக்கு மாறினார்கள். மரம் மதுவை உறிஞ்சும், ஆவியாக விடும், கழுவுவது கஷ்டம், கிருமி புகுந்தால் மொத்தமும் கெடும். இரும்பில் இந்தத் தொல்லைகள் இல்லை. சங்கிலியின் முதல் கண்ணி அறுந்துவிட்டது. ஆனால் கடைசியில் இருந்த சோயா சாஸ்காரர்களுக்கு அது உறைக்கவே இல்லை. அவர்களிடம் தாத்தா காலத்துத் தொட்டிகள் இருந்தன, நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஐம்பது அறுபது வருடம் யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. தொட்டி கெட்டால்தானே தொட்டிக்காரரைத் தேடுவார்கள்? தொட்டி கெடுவதற்குள் தொட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடையை மூடிவிட்டார்கள். மோசமாகச் செய்திருந்தால் தொழில் பிழைத்திருக்கும்.

இதை ஒருவர் கவனித்தார். ஜப்பானின் உள்நாட்டுக் கடலில் ஷோதோஷிமா என்ற தீவு இருக்கிறது. நானூறு வருடமாக அங்கே சோயா சாஸ் செய்கிறார்கள். ஜப்பானில் மிச்சமிருக்கும் பெரிய மரத் தொட்டிகளில் ஏறக்குறைய ஆயிரம் அங்கேதான் உள்ளன. அங்கே யமரோகு என்ற சிறிய தயாரிப்புக் கூடத்தின் ஐந்தாம் தலைமுறை உரிமையாளர் யமமோட்டோ யசுவோ. 2009ல் அவர் ஓசகா அருகே சகாய் நகரில் இருந்த ஃபுஜீ தொட்டிக் கூடத்தில் புதுத் தொட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். போருக்குப் பிறகு ஒரு சோயா சாஸ்காரர் தங்களிடம் புதுத் தொட்டி கேட்பது இதுதான் முதல் தடவை என்று அவர்கள் சொன்னார்கள். இவ்வளவு பெரிய தொட்டி செய்ய நாட்டிலேயே அந்தக் கூடம்தான் மிச்சம். அவர்களும் வயதானவர்கள். 2020 வாக்கில் நிறுத்திக்கொள்ளப் போவதாகவும் சொல்லிவிட்டார்கள்.

யமமோட்டோவின் தொட்டிகள் இன்னும் சில பத்தாண்டுகள் தாங்கும். அவர் காலத்துக்குப் போதும். பிரச்சினை பேரன் காலத்தில்தான் வரும். அப்போது காசு இருந்தாலும் செய்து கொடுக்க ஆள் இருக்காது. மரத் தொட்டி போனால் வேறு தொட்டி என்று அவரால் மாற முடியாது. தொட்டிப் பலகையின் நுண்துளைகளிலும் கூடத்தின் சுவரிலும் கூரையிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும்தான் அவருடைய சோயா சாஸின் ருசி. ஸ்டீல் தொட்டியில் அவை தங்காது. இன்று ஜப்பானின் மொத்த சோயா சாஸில் மரத் தொட்டியில் விளைவது ஒரு சதவீதம் அளவுக்குத்தான்.

2012ல் அவர் தீவிலிருந்து இரண்டு தச்சர்களைக் கூட்டிக்கொண்டு சகாய்க்குப் போய்த் தொழில் கற்கத் தொடங்கினார். மூவருமே தொட்டி செய்து பழகியவர்கள் அல்ல. கற்றதை வைத்து 2013ல் தங்கள் கூடத்திலேயே சொந்தமாக ஒரு தொட்டியைக் கட்டி முடித்தார்கள். ஜப்பானிய உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்ததும் அதே 2013ன் டிசம்பரில்தான். பாராட்டுப் பட்டியலில் இடம் கிடைத்த சமயத்தில் அந்த உணவின் அடிப்படைச் சுவைகளைத் தந்த தொட்டிக்குச் செய்ய ஆளில்லை!

சிறு வாளியில் மன்னிக்கப்படும் தப்பு பெரிய தொட்டியில் மன்னிக்கப்படாது. விட்டம் இரண்டு மீட்டருக்கு மேல், ஐயாயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளளவு, நாற்பதுக்குக் குறையாத பலகைகள். வளையம் சுற்றிவரவே ஏழு மீட்டர் வேண்டும். பின்னிச் சுற்ற அதைவிடப் பல மடங்கு நீளமான பிளாச்சு தேவை. மூங்கிலைப் பிளப்பது, பின்னுவது, பலர் சேர்ந்து சுத்தியலால் அடித்து இறக்குவது எல்லாம் ஒரே தாளத்தில் நடக்க வேண்டும். இதில் எதுவும் புத்தகம் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. ஃபுஜீ கூடத்தார் இன்னும் சில வருடம் முன்னால் கடையை மூடியிருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

யமமோட்டோ செய்ததில் மிகப் புத்திசாலித்தனமான காரியம், தொழிலைத் தன் கூடத்துக்குள் பூட்டி வைக்காததுதான். ஒவ்வொரு ஜனவரியிலும் தீவில் தொட்டி கட்டும் வேலையைத் திறந்து வைத்து, வர விரும்புபவர்கள் எல்லோரையும் கூப்பிட்டார். மற்ற ஊர் சோயா சாஸ்காரர்கள், அதாவது அவருடைய போட்டியாளர்கள், வந்தார்கள். மது, மிசோ தயாரிப்பவர்கள், சமையல்காரர்கள், தச்சர்கள் வந்தார்கள். கணக்கு எளிமையானது. ஒரு கூடத்துக்கு நூறு வருடத்துக்கு ஒரு தொட்டி போதும் என்றால், ஒரு தொட்டிக்காரர் பிழைக்க நூறு கூடம் வேண்டும். போட்டியாளரும் மரத் தொட்டிக்கு வந்தால்தான் தன் பேரனுக்குத் தொட்டிக்காரர் இருப்பார்.

மது பக்கமும் கொஞ்சம் அசைவு உண்டு. நாகானோ மாகாணத்தின் ஒபுசேயில் ஒரு பழைய மதுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அமெரிக்கப் பெண்மணி சாரா மேரி கமிங்ஸ், 2000களின் தொடக்கத்தில் மரத் தொட்டி மதுவை மீட்கும் முயற்சியை ஆரம்பித்தார். அகிதாவில் உள்ள அரமாசா கூடம் எனாமலை விட்டு மரத்துக்கே திரும்பியிருக்கிறது. அறுந்த முதல் கண்ணி இப்படி ஒன்றிரண்டு இடத்தில் ஒட்டுகிறது. சின்ன வாளிகளுக்கோ வேறு கதி. ஷிகா மாகாணத்தில் வேலை செய்யும் நகாகவா ஷுஜி, தேசியப் பெருமை பெற்ற கைவினைஞரின் மகன், தாத்தா காலத்து முறையிலேயே கூர்முனை உள்ள நீள்வட்ட வாளிகளைச் செய்கிறார். அவை ஷாம்பெய்ன் பாட்டிலை ஐஸில் வைக்கப் போகின்றன. சோறு வைத்த பாத்திரம் பணக்காரர் மேசைக்கு ஏறிவிட்டது. தொழில் பிழைக்க அதுவும் ஒரு வழிதான். ஆனால் ஷாம்பெய்ன் வாளியால் சோயா சாஸ் விளையாது.

ஷோதோஷிமாவில் ஜனவரி வேலை தொடர்கிறது. நல்ல குளிர். மூங்கில் வெட்டவும் அதுதான் பருவம், குளிர்காலத்தில் வெட்டிய மூங்கிலைப் பூச்சி அவ்வளவாக அரிக்காது. முதல் வருடங்களில் மூன்று பேர் தடவித் தடவிச் செய்த வளையத்தை இப்போது பல ஊர்க் கூடங்களைச் சேர்ந்த இளைஞர்கள் சுற்றி நின்று பின்னுகிறார்கள். சிலர் ஊருக்குப் போனதும் தங்கள் கூடத்துப் பழைய தொட்டியின் தளர்ந்த வளையத்தைக் கழற்றி, தாங்களே புதிது போட்டுப் பார்க்கிறார்கள்.